பூச்சி வகைப்பாடும் பரிணாமமும்: இளநிலை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விலங்கியல் இறுதியாண்டு மாணவர்களுக்கு புராஜெக்ட் வழிகாட்டும்போது ஆண்டுதோறும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பி.எஸ்சி. படிப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது. முதலிலிருந்து வாசித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பியே போகும்.

பி.எஸ்சி. படிக்கிற நாங்க பூச்சி வகைப்பாட்டில் ஆராய்ச்சி பண்ண முடியுமா? அது பெரிய விஞ்ஞானிகள் வேலை ஆச்சே?

முடியும். இதுவரை பெயரிட்டு விவரிக்கப்பட்ட பூச்சிகள் சுமார் 10 லட்சம் சிற்றினங்கள். மொத்தம் 55 லட்சம் இருக்கலாம் என்பது இப்போது அதிகம் எடுத்தாளப்படும் மதிப்பீடு. அதாவது பெரும்பாலான பூச்சிகளுக்கு இன்னும் பெயரே இல்லை. இவ்வளவு வேலை பாக்கி கிடக்கும் துறையை ஒரு நல்ல ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப், பூச்சி ஊசி, எத்தனால், பொறுமை ஆகியவற்றோடு தொடங்கிவிடலாம்.

புதுச் சிற்றினம் கண்டுபிடித்தால்தான் ஆய்வு என்று நினைக்க வேண்டாம். உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் எந்தெந்த எறும்புகள் இருக்கின்றன என்று மாதிரிகளோடும் லேபிளோடும் ஒரு பட்டியல் தந்தால், நாளைக்கு வேறொருவர் அந்தப் பெட்டியைத் திறந்து நீங்கள் சொன்னது சரியா என்று சோதிக்கலாம். அப்படிச் சோதிக்க முடிகிற வேலை எதுவும் ஆய்வுதான். தமிழ்நாட்டில் இது கல்லூரிகளில் வளர்ந்த துறையும்கூட. டி. என். அனந்தகிருஷ்ணன் சென்னை லயோலா கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டே இலைப்பேன்களின் வகைப்பாட்டில் உலகம் மதிக்கும் வேலையைச் செய்தார்.

வகைப்பாடுன்னா பேர் வைக்கிறதுதானே? அதுல பரிணாமம் எங்க வருது?

பெயர் வைப்பது ஒரு பகுதி. எந்தப் பெயரை எந்தப் பெயரோடு சேர்த்து வைப்பது என்பதுதான் மீதி. ஒரு குடும்பம், ஒரு வரிசை என்று நாம் பிரிப்பது, ‘இவை எல்லாம் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை’ என்ற ஊகத்தைச் சொல்வது. புதிய ஆதாரம் வந்தால் ஊகம் மாறும், வகைப்பாடும் மாறும்.

கறையானை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பாடநூல்களில் அதற்கு ஐசாப்டெரா என்று தனி வரிசை. 2007-ல் இன்வார்டு, பெக்கலோனி, எகிள்டன் என்ற மூவர், கறையான்கள் எல்லாம் கரப்பான்களின் பரிணாம மரத்துக்குள்ளேயே ஒரு கிளை என்று டி.என்.ஏ. ஆதாரத்தோடு காட்டினார்கள். அவற்றுக்கு மிக நெருங்கிய உறவு, மரத்தைத் தின்று வாழும் கிரிப்டோசெர்கஸ் என்ற கரப்பான். இதன் குடலிலும் கறையான்கள் பலவற்றின் குடலிலும் மரத்தைச் செரிக்க உதவும் ஒருசெல் உயிரிகள் உண்டு என்பது அதற்கு வெகு முன்பே தெரிந்திருந்தது. இன்று கறையான்கள் கரப்பான்களின் வரிசையான பிளாட்டோடியாவுக்குள் இருக்கின்றன. தலைப்பேனும் இதேபோலத் தனி வரிசையை இழந்து சோகோடியாவுக்குள் போய்விட்டது. ஆறு கால் உள்ள கொலம்போலாவை (மண்ணில் துள்ளித் திரியும் சிற்றுயிர்கள்) இப்போது பூச்சிகளுக்குள்ளேயே பெரும்பாலோர் வைப்பதில்லை. உங்கள் பாடநூல் பழையதாக இருந்தால் பயப்பட வேண்டாம். எந்த வகைப்பாட்டைப் பின்பற்றுகிறீர்கள் என்பதை அறிக்கையில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

எந்தப் பூச்சியை எடுக்கலாம் மேடம்? பட்டாம்பூச்சி எடுக்கட்டுமா?

பாதிப்பேர் பட்டாம்பூச்சி என்றுதான் வருகிறார்கள். அழகு ஒரு நல்ல காரணம்தான். ஆனால் வகைப்பாட்டு ஆய்வுக்கு அதில் இளநிலை மாணவருக்கு இடம் குறைவு. தென்னிந்தியப் பட்டாம்பூச்சிகள் நன்றாக அறியப்பட்டவை, பல சிற்றினங்கள் சட்டப் பாதுகாப்புப் பட்டியலிலும் உள்ளன. நடத்தை, வண்ணம், ஒப்புப்போலித்தனம் (வேறொரு சிற்றினத்தைப் போலத் தோற்றம் கொள்வது) ஆகியவற்றை ஆராய அவை அருமையானவை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தேர்வு செய்யும்போது மூன்று விஷயம் பாருங்கள். அந்தப் பூச்சி உங்கள் இடத்திலேயே ஆண்டு முழுவதும் கிடைக்க வேண்டும். பேரினம் வரையாவது இனங்காண நம்பகமான கீ (பண்புகளைப் படிப்படியாகக் கேட்டுப் பெயருக்கு வழிகாட்டும் அட்டவணை) இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கேட்க ஒரு நிபுணர் இந்தியாவில் இருக்க வேண்டும். எறும்பு, தும்பி, சாண வண்டு, அத்திக் குளவி நான்கும் இதில் தேறும். ‘எங்கள் மாவட்டப் பூச்சிகள்’ என்று பெரிதாகத் தலைப்பு வைக்காதீர்கள். அது எந்தக் குழுவையும் ஒழுங்காகப் பார்க்காமல் முடியும்.

அத்திக் குளவின்னா என்ன? அத்திப்பழத்துக்குள்ள இருக்கிற புழுவா?

‘அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு’ என்று நம் ஊரில் சொல்வது இவற்றைத்தான். இவை குளவிகள், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளம். நாம் பழம் என்பது உண்மையில் உட்புறமாக மூடிக்கொண்ட பூங்கொத்து. மகரந்தத்தோடு வரும் பெண் குளவி அதன் நுனியிலுள்ள சிறு துளை வழியே நெருக்கிக்கொண்டு நுழையும். அந்த நெருக்கத்திலேயே பெரும்பாலும் இறக்கை கழன்றுவிடும். உள்ளே மகரந்தச் சேர்க்கை செய்து, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே இறக்கும். அடுத்த தலைமுறையில் இறக்கையில்லாத ஆண்கள் முதலில் வெளிவந்து, பெண்களோடு இணைசேர்ந்து, பழச் சுவரில் வழி குடைந்து தரும். பெண்கள் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அடுத்த மரத்தைத் தேடிப் பறக்கும்.

நம் ஆற்றங்கரை அத்தி மரத்தின் மகரந்தக் குளவி செரட்டோசோலன் ஃபூசிசெப்ஸ். இதோடு மகரந்த வேலை செய்யாத ஆறு குளவிச் சிற்றினங்களும் அதே பழத்தில் வளர்கின்றன. சைக்கோஃபேகா பேரினத்தவை பூவைக் கழலையாக மாற்றி வளரும், அப்போகிரிப்டா பேரினத்தவை மற்றக் குளவிகளின் மேல் ஒட்டுண்ணியாக வளரும். இவை உள்ளே நுழைவதில்லை. ஊசிபோல நீண்ட முட்டையிடும் உறுப்பைப் பழத்தின் வெளியிலிருந்தே செலுத்துகின்றன. ஒரு காலத்தில் அத்திக்குள் வாழும் குளவிகள் பலவற்றையும் அகவோனிடே என்ற ஒரே குடும்பத்தில் போட்டிருந்தார்கள். ஒரே வீட்டில் குடியிருப்பதால் சொந்தக்காரர்கள் என்று முடிவு கட்டியது போன்றது அது. டி.என்.ஏ. ஆய்வு வந்தபின் அந்தக் குடும்பம் பிரிந்தது. வகைப்பாடு ஓர் ஊகம் என்று முன்பு சொன்னதற்கு இது இன்னொரு நல்ல சான்று.

புராஜெக்டுக்கு வருவோம். குளவிகள் வெளியேறுவதற்குச் சற்று முந்தைய பருவத்துப் பழங்களைப் பறித்து, ஒரு பழத்துக்கு ஒரு பாட்டில் என்று போட்டு, வாயை மஸ்லின் துணியால் கட்டி வையுங்கள். குளவிகள் வந்தபின் எத்தனாலில் போட்டு எண்ணுங்கள். இறக்கையில்லாத ஆணும் இறக்கையுள்ள பெண்ணும் வேறு வேறு சிற்றினம்போலத் தோன்றும், கவனம் தேவை. ஏழே சிற்றினம் என்பதால் ஓர் ஆண்டில் அடக்கமாக முடிக்கலாம். ஆய்வுக் கேள்விகளும் தானாக வரும். மரத்துக்கு மரம் ஒட்டுண்ணி விகிதம் மாறுகிறதா? ஒரு பழத்தில் ஆண் பெண் விகிதம் என்ன? ஒரே தாயின் பிள்ளைகளே தமக்குள் இணைசேரும் இடத்தில் பெண்கள் மிக அதிகமாக இருக்கும் என்று டபிள்யூ. டி. ஹாமில்டன் 1967-ல் விளக்கினார். அதே பழத்தில் நுழைந்த தாய்களின் எண்ணிக்கை கூடினால் ஆண் விகிதமும் கூட வேண்டும். சாலையோர அத்தி மரத்தை வைத்தே இதை நீங்கள் சோதிக்கலாம்.

பூச்சியைக் கொல்லாம பண்ண முடியாதா? போட்டோ எடுத்தா போதாதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவரை எனக்குப் பிடிக்கும். தும்பிக்கும் பட்டாம்பூச்சிக்கும் பல நேரங்களில் போட்டோவே போதும். தெளிவான படத்தை இடம், தேதியோடு ஐநேச்சுரலிஸ்டிலோ இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலிலோ ஏற்றினால் அது நிலையான பதிவு.

எறும்பு, குளவி, சிறுவண்டு போன்றவற்றுக்கு அது போதாது. உணர்கொம்பில் எத்தனை கணு, இறக்கை நரம்பு எப்படிப் பிரிகிறது, ஆணின் இனப்பெருக்க உறுப்பு எந்த வடிவம் என்பதெல்லாம் மைக்ரோஸ்கோப்பில்தான் தெரியும். தேவையான அளவு மட்டும் எடுங்கள், எடுத்ததைக் கெடவிடாதீர்கள். லேபிள் இல்லாமல் பூஞ்சை பிடித்துக் கிடக்கும் மாதிரிதான் வீணாகக் கொன்ற பூச்சி.

பிடிக்க பர்மிஷன் வாங்கணுமா? காக்கா குருவி மாதிரி பூச்சிக்கும் சட்டம் உண்டா?

உண்டு. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் பல பட்டாம்பூச்சிகளும் சில வண்டுகளும் இருக்கின்றன. பட்டியல்கள் 2022 திருத்தத்தில் மாற்றி அமைக்கப்பட்டன, அதனால் பழைய பிரதியை நம்ப வேண்டாம். காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா எதிலும் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு எறும்பைக்கூட எடுக்காதீர்கள். அனுமதி வரத் தாமதமாகும். ஓராண்டு புராஜெக்டுக்குக் கல்லூரி வளாகம், சொந்த வயல், உரிமையாளர் சம்மதம் தந்த தோப்பு ஆகியவையே நடைமுறைக்கு ஒத்துவரும்.

வெளிநாட்டு நிபுணருக்குத் தபாலில் மாதிரி அனுப்புவது வேறு விவகாரம். அதற்கு 2002-ம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் பொருந்தும். வழிகாட்டி ஆசிரியரும் கல்லூரியும் வழியாக முறையாகச் செய்ய வேண்டியது, நீங்களாக அனுப்பக் கூடாது.

லேபிள்ல என்னென்ன எழுதணும்? ஊர் பேரும் தேதியும் போதுமா?

போதாது. நாடு, மாநிலம், மாவட்டம், ஊர், அதற்குள் எந்த இடம், அட்சரேகை தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, பிடித்தவர் பெயர், பிடித்த முறை, எந்தச் செடி அல்லது எந்த வாழிடம். இவை அனைத்தும் பூச்சியோடு அதே ஊசியில் இருக்க வேண்டும். நோட்டில் எழுதிவிட்டு மாதிரியில் எண் மட்டும் போட்டால், நோட்டு தொலையும் அன்று பெட்டி முழுக்கப் பயனற்றதாகும். தேதியில் மாதத்தை ரோமன் எண்ணில் எழுதும் வழக்கம் நல்லது. 5/6 என்பது ஜூனா மேயா என்ற குழப்பம் வராது. இனங்கண்ட பெயர், இனங்கண்டவர், ஆண்டு ஆகியவற்றைத் தனி லேபிளில் எழுதி அடியில் குத்துங்கள். பெயர் மாறலாம், பிடித்த இடம் மாறாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல நம் மண்ணிலேயே காரணம் இருக்கிறது. லின்னேயஸின் மாணவர் ஃபாப்ரீசியஸ் 18-ம் நூற்றாண்டில் பெயரிட்ட இந்தியப் பூச்சிகளில் பல, அன்று டேனிஷ் குடியேற்றமாக இருந்த தரங்கம்பாடியிலிருந்து போனவை. அங்கே மருத்துவராக வேலை பார்த்த யோஹான் கேர்ஹார்ட் கோனிக்கும் லின்னேயஸிடம் படித்தவர்தான், தஞ்சைப் பகுதிக் கறையான்களைப் பற்றி 1779-லேயே எழுதினார். ஃபாப்ரீசியஸின் மாதிரிகள் பலவும் இன்று கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் உள்ளன. ‘தரங்கம்பாடி’ என்ற ஒரு சொல் இருப்பதால்தான் அந்தப் பூச்சியை இன்றும் காவிரிக் கழிமுகத்தில் போய்த் தேட முடிகிறது. ‘இந்தியா’ என்று மட்டும் உள்ளவற்றை எங்கே போய்த் தேடுவது?

எப்படிப் பதப்படுத்துறது? எல்லாத்தையும் ஊசியில குத்திடலாமா?

பெரிய பூச்சிகளை மார்பின் வலப்பக்கம் குத்துங்கள், வண்டானால் வலது முன்னிறக்கையில். எறும்பையும் சிறு குளவியையும் குத்தக் கூடாது. முக்கோண அட்டையின் நுனியில் கால்களுக்கு இடையே ஒரு துளி பசையில் ஒட்டுங்கள். புழு, கறையான், அசுவினி போன்ற மென்மையானவை 70 சதவீத எத்தனாலில். டி.என்.ஏ. எடுக்கும் எண்ணம் இருந்தால் 95 சதவீத எத்தனாலில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். ஃபார்மலினில் போட்ட மாதிரியிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது மிகவும் கடினம். பல கல்லூரி ஆய்வகங்களில் பழக்கத்தால் ஃபார்மலினையே எடுத்துக் கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கீ வச்சுப் பாத்துக்கிட்டே வந்தேன். நடுவுல ரெண்டு விடையும் பொருந்துற மாதிரி இருக்கு. மாட்டிக்கிட்டேன்.

இரண்டு வழியிலும் போய்ப் பாருங்கள். தவறான வழி பெரும்பாலும் சில படிகளுக்குள் பொருந்தாத பண்பில் முட்டி நிற்கும். வெளிச்சத்தை மாற்றி, மாதிரியைத் திருப்பி, அதே சிற்றினத்தின் வேறு மாதிரியையும் பாருங்கள். எறும்பானால் கையிலிருப்பது வேலைக்காரியா, ராணியா, ஆணா என்று உறுதி செய்யுங்கள், பெரும்பாலான எறும்புக் கீக்கள் வேலைக்காரிகளுக்காக எழுதப்பட்டவை.

கீயில் உங்கள் சிற்றினமே இல்லாமலும் இருக்கலாம். இந்திய எறும்புகளுக்கு பிங்காம் 1903-ல் தந்த கீ இன்றும் உதவுகிறது. ஆனால் அதற்குப் பின் விவரிக்கப்பட்டவை அதில் இருக்க முடியாது, பேரினப் பெயர்கள் பலவும் மாறிவிட்டன. எனவே பழைய கீயில் வந்த பெயரை ஆன்ட்கேட் போன்ற இணைய அட்டவணையில் சரிபார்த்த பிறகே எழுதுங்கள்.

சிற்றினம் தெரியல, பேரினம் மட்டும்தான் தெரியுது. அப்படியே எழுதினா எக்ஸ்டர்னல் மார்க் குறைப்பாங்களா?

பேரினத்தோடு நிறுத்தி ‘சிற்றினம் 1’, ‘சிற்றினம் 2’ என்று எழுதுவது முறையான வழக்கம். ஒவ்வொன்றையும் எந்தப் பண்பால் பிரித்தீர்கள் என்று குறிப்பும் படமும் வையுங்கள். துறை தெரிந்த தேர்வாளர் அதை மதிப்பார். கேள்வி கேட்டால் மாதிரியைக் காட்டிப் பதில் சொல்லலாம். இணையப் படத்தோடு ஒப்பிட்டு ஊகித்த சிற்றினப் பெயரை நீங்கள் காப்பாற்றவே முடியாது, பிறகு அதை நம்பி மேற்கோள் காட்டுபவரும் தவறுவார்.

டி.என்.ஏ. பார்கோடு பண்ணிட்டா போதுமே, எதுக்கு உருவத்தைப் பாத்துக் கஷ்டப்படணும்?

2003-ல் பால் ஹீபர்ட் குழு முன்வைத்த முறை இது. மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.ஐ. மரபணுவில் 658 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைப் படித்துத் தரவுத்தளத்தில் ஒப்பிடுகிறோம். ஆணையும் பெண்ணையும், புழுவையும் முதிர்ந்த பூச்சியையும் இணைக்க இது மிகச் சிறந்த வழி. அத்திக் குளவியில் இறக்கையில்லாத ஆண் எந்தப் பெண்ணுக்கு உரியது என்ற சிக்கலுக்குக் கைகொடுக்கும்.

ஆனால் தரவுத்தளத்தில் உள்ள பெயரை யாரோ ஒருவர் உருவத்தைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். அவர் தவறியிருந்தால் உங்களுக்கும் தவறான பெயர் வரும். நம் பூச்சிகளில் பலவற்றுக்கு அங்கே பதிவே இல்லை. மைட்டோகாண்ட்ரியத் துண்டின் போலி நகல் செல் உட்கருவில் இருந்தால் அதையே படித்துவிடும் ஆபத்தும் உண்டு. வோல்பேக்கியா என்ற பாக்டீரியா தாய்வழியாகப் பரவும்போது மைட்டோகாண்ட்ரியாவும் கூடவே பரவி, நெருங்கிய இரு சிற்றினங்களை ஒன்றுபோலக் காட்டிவிடும். எனவே ஒரு காலை மட்டும் டி.என்.ஏ.வுக்கு எடுத்துக்கொண்டு, மீதி உடலை அதே எண்ணோடு லேபிளிட்டுப் பாதுகாத்து வையுங்கள். உடல் இல்லாத பார்கோடைப் பின்னால் யாரும் சரிபார்க்க முடியாது.

பரிணாம மரத்தை எப்படிப் படிக்கிறது? கரப்பான்பூச்சியில இருந்து கறையான் வந்துச்சுன்னு எழுதலாமா?

முன்பு சொன்ன கறையான் மரத்தையே பார்ப்போம். ‘கறையான்கள் கரப்பான்களுக்குள் ஒரு கிளை’ என்று எழுதலாம். ‘இன்று வாழும் கிரிப்டோசெர்கஸிலிருந்து கறையான் வந்தது’ என்று எழுதக் கூடாது. அவை இரண்டுக்கும் ஒரு பொது மூதாதை இருந்தது, அது இரண்டையும் போல இல்லாமலும் இருந்திருக்கலாம். மரத்தில் அடியில் பிரிந்த கிளையைப் ‘பழமையான பூச்சி’ என்று சொல்வதும் தவறு. அதுவும் மற்றவற்றைப் போலவே இன்றுவரை மாறி வந்திருக்கிறது.

நுனிகளின் வரிசையைப் பார்க்காதீர்கள். கணுவில் கிளைகளைத் திருப்பிப் போட்டாலும் மரம் அதேதான். யார் யாரோடு கடைசியாகப் பொது மூதாதையைப் பகிர்ந்தார் என்பதை மட்டும் பாருங்கள். கணுவில் எழுதியுள்ள பூட்ஸ்ட்ராப் எண் (அந்தக் கிளைக்குத் தரவு எவ்வளவு ஆதரவு தருகிறது என்பதன் அளவு) குறைவாக இருந்தால் அந்தக் கிளையை வைத்து வாதம் செய்ய வேண்டாம். வெளிக்குழு (ஒப்பிடுவதற்காக மரத்தில் சேர்த்த, ஆய்வுக் குழுவுக்கு வெளியே உள்ள உறவு) எது என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். வாய்மொழித் தேர்வில் அதிகம் திணறுவது இந்த இடத்தில்தான்.

புதைபடிவம் இல்லாம எத்தனை கோடி வருஷம்னு எப்படிச் சொல்றாங்க?

புதைபடிவம் இல்லாமல் சொல்வதில்லை. வயது தெரிந்த சில புதைபடிவங்களை மரத்தில் சில கணுக்களுக்குக் குறைந்தபட்ச வயதாக வைத்து, மரபணு மாற்ற வேகத்தைக் கொண்டு மற்றக் கணுக்களைக் கணக்கிடுகிறார்கள். 2014-ல் ஒரு பெரிய பன்னாட்டுக் குழு 1,478 மரபணுக்களை வைத்துப் பூச்சிகளின் தோற்றத்தைச் சுமார் 47.9 கோடி ஆண்டுக்கும், பறத்தலின் தோற்றத்தைச் சுமார் 40.6 கோடி ஆண்டுக்கும் கொண்டுபோனது. இறக்கையுள்ள பூச்சிகளின் தெளிவான புதைபடிவங்களோ ஏறக்குறைய 32 கோடி ஆண்டுக்கு முன்பிருந்துதான் கிடைக்கின்றன. இந்த இடைவெளி பற்றி விவாதம் நடக்கிறது. எனவே வயதை எழுதும்போது எந்த ஆய்வு என்பதையும் பிழை வரம்பையும் சேர்த்து எழுதுங்கள்.

நம் நாட்டுக் கதை ஒன்றும் தெரிந்துகொள்ளுங்கள். குஜராத்தின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் கிடைத்த சுமார் 5 கோடி ஆண்டுப் பழைய அம்பரில் (கல்லாகிப்போன மரப்பிசின்) ஏராளமான பூச்சிகள் உள்ளன. இந்தியத் தட்டு நெடுங்காலம் தனித்து மிதந்து வந்ததால் இங்கே தனித்துவமான பூச்சிகளே இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 2010-ல் வெளியான ஆய்வில், அவற்றில் பலவும் மற்றக் கண்டங்களின் பூச்சிகளுக்கு உறவாக இருந்தன.

பரிணாமத்தைக் கண்ணால பாக்குற மாதிரி ஒரு புராஜெக்ட் சொல்லுங்க. பட்டாம்பூச்சி சொல்றேன்னு சொன்னீங்களே?

பாப்பிலியோ பாலிடெஸ். கறிவேப்பிலை, எலுமிச்சை இலையில் புழுவாக வளரும் கறுப்புப் பட்டாம்பூச்சி, தோட்டமுள்ள எல்லா ஊரிலும் உண்டு. ஆண் ஒரே மாதிரி இருக்கும். பெண்ணுக்கு நம் பகுதியில் மூன்று தோற்றம்: ஆணைப் போன்ற ஒன்று, பறவைகளுக்குக் கசக்கும் பேக்லியோப்டா அரிஸ்டோலோக்கியேவைப் போன்ற ஒன்று, அதே கசப்பு வகையான பேக்லியோப்டா ஹெக்டரைப் போன்ற ஒன்று. இந்தத் தோற்றங்களைத் தீர்மானிப்பது டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணுப் பகுதி என்று கிருஷ்ணமேக் குண்டேயும் உடன் ஆய்வாளர்களும் 2014-ல் காட்டினார்கள். பாலைத் தீர்மானிப்பதில் பங்குள்ள மரபணு, இறக்கை வண்ணத்துக்கும் பயன்பட்டிருக்கிறது.

நீங்கள் புழுக்களை வளர்த்து, வெளிவரும் பெண்களின் தோற்றத்தைப் பதிந்து, பறக்கவிடலாம். கசக்கும் வகைகள் அதிகமுள்ள ஊரில் அவற்றைப் போலுள்ள பெண்களும் அதிகமா என்று ஒப்பிடலாம். எதையும் கொல்ல வேண்டியதில்லை. ஒட்டுண்ணிக் குளவி வந்த கூட்டுப்புழுவையும் தூக்கி எறியாதீர்கள், அந்தக் குளவியும் ஒரு பதிவு.

ஒரு பேருக்குப் பின்னால ஆசிரியர் பேர் அடைப்புக்குறிக்குள்ள இருக்கு, இன்னொண்ணுல இல்ல. எது சரி?

இரண்டும் சரி, பொருள் வேறு. மாமரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பை ஃபாப்ரீசியஸ் 1775-ல் ஃபார்மிகா என்ற பேரினத்தில் வைத்தார். பிறகு அது ஓகோஃபில்லாவுக்கு மாறியது. அதனால் இன்று ஓகோஃபில்லா ஸ்மராக்டினா (ஃபாப்ரீசியஸ், 1775). குதித்து வேட்டையாடும் ஹார்பக்னேதோஸ் சால்டேட்டரை ஜெர்டன் 1851-ல் எந்தப் பேரினத்தில் வைத்தாரோ அதிலேயே இன்றும் இருக்கிறது. அதற்கு அடைப்புக்குறி கிடையாது. உங்கள் விருப்பப்படி போடவோ எடுக்கவோ கூடாது.

ஒரே பூச்சிக்கு இருவர் பெயர் வைத்திருந்தால் முந்தைய பெயரே பொதுவாக நிற்கும். அதற்கான தொடக்கப் புள்ளி 1758, லின்னேயஸின் ‘சிஸ்டமா நேச்சுரே’ நூலின் பத்தாம் பதிப்பு.

புது ஸ்பீசிஸ் கண்டுபிடிச்சுட்டேன்னு நினைக்கிறேன்! இப்ப என்ன பண்ணணும்?

முதலில் பேப்பருக்கும் டிவிக்கும் சொல்லாதீர்கள். பெரும்பாலும் அது வேறெங்கோ விவரிக்கப்பட்ட சிற்றினமாக இருக்கும். அந்தப் பேரினத்தில் இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் விவரிக்கப்பட்ட எல்லாவற்றின் மூல விவரணையையும் படித்து, முடிந்தால் மூலமாதிரிகளின் (பெயர் வைத்தபோது ஆதாரமாக வைத்த மாதிரிகள்) படங்களோடு ஒப்பிட வேண்டும். அந்தக் குழுவின் நிபுணர் துணை இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். அவரோடு சேர்ந்து எழுதுவதில் குறைவொன்றும் இல்லை.

புதியதுதான் என்று உறுதியானால், ஒரு மாதிரியை ஹோலோடைப்பாக (அந்தப் பெயருக்கு ஆதாரமான ஒற்றை மூலமாதிரியாக) அறிவித்து, முறையான ஆய்விதழில் விவரணையோடு வெளியிட வேண்டும். இணைய இதழானால் ஜூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின்படி புதிய சிற்றினத்தை அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியை ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கு முக்கியமான காப்பகம் ஜூவாலஜிகல் சர்வே ஆஃப் இந்தியா. புராஜெக்ட் அறிக்கையில் புதுப் பெயரை எழுதாதீர்கள், ‘சிற்றினம் 1’ என்றே விடுங்கள்.

இதெல்லாம் படிச்சு யாருக்கு என்ன பிரயோஜனம்? வீட்ல கேக்குறாங்க.

வீட்டில் மரவள்ளி பயிரிடுபவர் இருந்தால் இதைச் சொல்லுங்கள். 1970-களில் ஆப்பிரிக்காவில் ஒரு மாவுப்பூச்சி மரவள்ளியை அழித்தது. 1977-ல் அதற்கு ஃபெனகோக்கஸ் மேனிஹோட்டி என்று பெயர் வந்தது. அதன் இயற்கை எதிரியைத் தேடித் தென்னமெரிக்காவின் வடபகுதிக்குப் போனவர்கள் அதேபோன்ற ஒரு மாவுப்பூச்சியைக் கண்டு, அதன் ஒட்டுண்ணிகளை எடுத்து வந்தார்கள். அவை வேலை செய்யவில்லை. வகைப்பாட்டாளர்கள் உற்றுப் பார்த்தபோது அது வேறு சிற்றினம் என்று தெரிந்தது; 1981-ல் ஃபெனகோக்கஸ் ஹெர்ரெனி என்று தனிப் பெயர் பெற்றது. அதே ஆண்டு சரியான மாவுப்பூச்சி பராகுவேயில் கிடைத்தது. அதன் எதிரியான அனகைரஸ் லோபெசி என்ற சிறு குளவி ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காப்பாற்றியது.

2020-ல் அதே மாவுப்பூச்சி கேரளத்தில் தென்பட்டு, சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளி வயல்களுக்கும் வந்தது. இம்முறை பெயர் சரியாகத் தெரிந்திருந்ததால் எந்தக் குளவி வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையம் அதே குளவியை பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022-ல் தமிழ்நாட்டில் வெளியிடத் தொடங்கியது. வேலைவாய்ப்பைக் கேட்டால், தாவரத் தனிமைப்படுத்தல் நிலையங்கள், வேளாண் ஆய்வு மையங்கள், அருங்காட்சியகங்கள், பல்லுயிர்க் கணக்கெடுப்புகள் எல்லாம் பூச்சியை இனங்காணத் தெரிந்தவரைத் தேடுகின்றன. இடங்கள் அதிகமில்லை, முதுநிலையும் முனைவர் பட்டமும் பெரும்பாலும் தேவைப்படும். அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

எங்க காலேஜ்ல மைக்ரோஸ்கோப்பே சரியில்ல. வேற எங்க போய்க் கத்துக்கலாம்? பேப்பர் போடக் காசு வேற கேக்குறாங்க.

கோவை வேளாண் பல்கலைக்கழகப் பூச்சி அருங்காட்சியகத்தை ஒருமுறையாவது பாருங்கள், ஒழுங்காக வைத்த மாதிரி எப்படியிருக்கும் என்று கண் பழகும். சென்னையில் ஜூவாலஜிகல் சர்வேயின் தென்மண்டல மையம் உள்ளது. துறைத்தலைவர் கடிதத்தோடு, குழுவையும் கேள்வியையும் தெளிவாக எழுதி அணுகுங்கள். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு இளநிலை மாணவரும் விண்ணப்பிக்கலாம்.

பணம் கட்டினால் சில நாளில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களுக்குப் போகாதீர்கள். அங்கே வந்த பட்டியலை வகைப்பாட்டாளர்கள் நம்புவதில்லை, உங்கள் உழைப்புதான் வீண். கோவையிலிருந்து வெளிவரும் ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா போன்ற இதழ்களைப் படித்துப் பாருங்கள். ஒரு நல்ல பட்டியல் கட்டுரையில் மாதிரி விவரம் எப்படித் தரப்படுகிறது என்று புரியும்.

புராஜெக்ட் முடிஞ்சுருச்சு. பூச்சிப் பெட்டியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா?

வேண்டாம். வீட்டில் அது ஒரு மழைக்காலம் தாங்காது. டெர்மெஸ்டிட் வண்டின் புழு நுழைந்தால் ஊசியும் லேபிளும்தான் மிஞ்சும். துறை அருங்காட்சியகத்தில் ஒப்படைத்து, பதிவேட்டில் எண் வாங்கி, அந்த எண்ணை அறிக்கையில் எழுதுங்கள். துறையில் கவனிக்க ஆளில்லை என்றால், ஆசிரியர் வழியாகப் பெரிய சேகரிப்பகம் ஒன்றிடம் கேட்கலாம். லேபிள் சரியாக இருந்தால் மகிழ்ந்து வாங்கிக்கொள்வார்கள். சிற்றினப் பட்டியல், ஆள்கூறு, தேதி, பதிவு எண் அடங்கிய விரிதாளின் ஒரு பிரதியை அடுத்த ஆண்டு மாணவர்களுக்காகத் துறைக் கணினியில் போட்டுவிட்டுப் போங்கள்.